தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா வண்டி சூடாகாதா?

(ஒலிவடிவில் வந்த எபிசோடு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் சொல்ல முழு எபிசோடும் தேவைப்படுது.

கேட்டவங்க நாகர்கோவில்காரங்க, இப்போ சென்னையில வேலை பார்க்குறாங்க. அப்பா சொந்தமா ஒரு டீசல் கார் வெச்சு டாக்சி ஓட்டுறார். பெரும்பாலும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரி. ஏப்ரல் மாசம் ஒரு நாள் மார்த்தாண்டம் நெரிசல்ல வண்டி நின்னு நின்னு போகும்போது சூடு காட்டுற முள் மேல ஏறிட்டு. வண்டிக்குள்ள ஃப்ளைட் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பம். எப்படியோ கொண்டு சேர்த்துட்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, "நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம் அண்ணாச்சி, அது பனி பெய்யிற நாட்டுக்காரனுக்கு"ன்னு சொல்லிக் கழட்டித் தூரப் போட்டுட்டாங்க. இப்போ மைலேஜ் குறைஞ்சிருக்கு. நெரிசல்ல முள்ளும் மறுபடி ஏறுது. "கழட்டினது சரியா? எஞ்சின் போச்சுன்னா வண்டிக் கடன் இன்னும் 2 வருஷம் பாக்கி இருக்கு"ன்னு எழுதியிருக்காங்க.

சரியில்லை. இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னு புரியணும்னா, எஞ்சினுக்குச் சூடு எதிரின்னு நாம எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம்ல, அந்த நினைப்பைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கணும்.

எஞ்சின்னா என்ன? சூட்டை வேலையா மாத்துற பெட்டி. சிலிண்டருக்குள்ள எரியுற வாயு 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில உருகும். ஒரு கண நேரம்தான் அந்தச் சூடு, அப்புறம் வாயு விரியுது, வெளிய போகுது, அதனாலதான் உருகாம தப்பிக்குது. எரிபொருள்ல இருக்கிற சக்தியில சுமாரா மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்துற வேலையாகுது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா புகையோட போயிரும். மிச்சம் கிட்டத்தட்ட ஒரு பங்கை கூலன்ட் சுமந்துட்டுப் போய் ரேடியேட்டர்ல கொட்டணும்.

இது எவ்வளவுன்னு ஒரு கணக்கு. சமதளத்துல மணிக்கு 80 கி.மீ. வேகத்துல போற சின்ன காருக்கு ஏறக்குறைய 10 கிலோவாட் வேலை தேவைப்படும். அப்போ அதே அளவு சூடு ரேடியேட்டர் வழியா வெளியேறணும். உங்க வீட்டு பாத்ரூம் கீசர் 2 கிலோவாட்னு வெச்சுக்கிட்டா, 5 கீசர் ஒரே நேரத்துல ஓடுற சூடு. பொன்முடியில அந்த 22 கொண்டை ஊசி வளைவையும் ஆள் நிறைச்சுட்டு ஏறும்போது இது 2 மடங்கு, 3 மடங்கு ஆகும். அத்தனையும் உங்க பம்பருக்குப் பின்னாடி இருக்கிற ஒரு சல்லடைத் தகட்டு வழியாத்தான் போயாகணும்.

அப்போ எவ்வளவுக்கு எவ்வளவு குளிரவைக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே? ஒர்க்‌ஷாப் அண்ணனோட வாதம் இதுதான். கேட்க நியாயமாத்தான் இருக்கும்.

எஞ்சின் குளிர்ந்து ஓடினா என்ன ஆகும்னு பாருங்க. பெட்ரோல் சரியா ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவர்ல ஒட்டி, அங்க இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிட்டு, கீழ ஆயிலோட கலக்கும். ஆயில் கெட்டியா இருக்கிறதால அதைத் தள்ளவே எஞ்சின் சக்தி செலவாகும். எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் "இன்னும் சூடாகலை"ன்னு நம்பி பெட்ரோலை அதிகமா ஊத்தும். டீசல்ல கதை கொஞ்சம் வேற, ஆனா அங்கயும் எரிப்பு சரியா நடக்காது. பி.எஸ்.6 டீசல் வண்டின்னா, புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி தன்னைத்தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கிறதும் தடைப்படும்.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமாரா 1 லிட்டர் தண்ணீர் உருவாகுது. பெட்ரோல்ல இருக்கிற ஹைட்ரஜன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்றதால வர்ற தண்ணீர். பெரும்பகுதி ஆவியா சைலன்சர் வழியா போயிரும். காலையில சைலன்சர் முனையில சொட்டுச் சொட்டா ஒழுகுதே, அதுதான். கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கசிஞ்சு ஆயில் தொட்டிக்குள்ள இறங்கும். எஞ்சின் நல்லா சூடாகி ஆயிலும் சூடானா அது ஆவியாகி வெளிய போயிரும். ஆகலைன்னா ஆயிலோட கலந்து, மூடியைத் திறந்தா மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கும். கோட்டாறுல இருந்து வடசேரி வரைக்கும் மட்டும் போயிட்டு வர்ற வண்டிகளுக்கு இந்த வியாதி உண்டு. சூடாகிறதுக்குள்ள இடம் வந்துரும். எனக்குக் கேட்டா, எஞ்சினுக்கு நாகர்கோவில் டவுன் ஓட்டத்தைவிட திருநெல்வேலி வரைக்கும் ஒரு ஓட்டம் நல்லதுன்னுதான் சொல்லுவேன்.

ஆக, மேல போனாலும் கேடு, கீழ போனாலும் கேடு. இன்னைக்கு ஓடுற பெரும்பாலான கார்கள்ல கூலன்ட் சுமாரா 90-ல இருந்து 105 டிகிரிக்குள்ள இருக்கணும்னு வடிவமைச்சிருப்பாங்க. தண்ணீர் கொதிக்கிற சூட்டை ஒட்டியே வேணும்னுதான் இதை வெச்சிருக்காங்க.

அந்தச் சூட்டைக் காவல் காக்கிற ஆள்தான் தெர்மோஸ்டாட். உள்ள ஒரு சின்னச் செம்பு டப்பா, அதுக்குள்ள மெழுகு. குறிப்பிட்ட சூட்டுல மெழுகு உருகி விரியும், ஒரு ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். 1930-கள்ல செர்ஜியஸ் வெர்னேங்கிறவர் இந்த மெழுகு வித்தையைக் கண்டுபிடிச்சார். மின்சாரமும் வேண்டாம், சாஃப்ட்வேரும் வேண்டாம். வண்டியைப் பொறுத்து 82 டிகிரி, 88 டிகிரின்னு ஏதோ ஒண்ணுல திறக்க ஆரம்பிக்கும். அதுவரைக்கும் கூலன்டை ரேடியேட்டர் பக்கமே விடாது. எஞ்சினுக்குள்ளயே சுத்த விடும். அதனாலதான் ஸ்டார்ட் பண்ணின சில நிமிஷத்துல எஞ்சின் சூடாகுது. அதைப் பிடுங்கிப் போட்டா, விடிகாலை ஏர்போர்ட் சவாரிக்கு ஆளில்லாத ரோட்டுல போற வண்டி ரொம்ப தூரத்துக்கு அரைச் சூட்டுலயே ஓடும். அப்பா வண்டியோட மைலேஜ் குறைஞ்சதுக்கு இது ஒண்ணே போதும்.

"பனி பெய்யிற நாட்டுக்குத்தான் தெர்மோஸ்டாட்"ங்கிறதுக்கும் ஒரு பதில். மார்த்தாண்டத்துல 33 டிகிரின்னா, 90 டிகிரிக்கு அது இன்னும் 57 டிகிரி கீழதான் இருக்கு. எஞ்சின் கண்ணுக்குக் கன்னியாகுமரியும் குளிர் நாடுதான்.

சரி, மைலேஜ் போகட்டும், சூடாவது குறையணுமே? கழட்டின பிறகும் நெரிசல்ல முள் ஏன் ஏறுது? இதுக்கு வாட்ஸ்அப்ல சுத்துற ஒரு விளக்கம், "தண்ணி ரொம்ப வேகமா ஓடுது, ரேடியேட்டர்ல ஆற நேரமில்ல"ங்கிறது. அதை நம்பாதீங்க. ஓட்டம் கூடினா ரேடியேட்டர் வெளியேத்துற சூடும் கூடத்தான் செய்யும். உண்மைக் காரணம் வேற. நிறைய எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட்டோட பின்பக்கத்துல இன்னொரு தட்டு இருக்கும். முன்னால ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, பின்னால அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். ஒரு கதவு திறந்தா இன்னொரு கதவு சாத்தும். முழுசா கழட்டிட்டா ரெண்டு கதவும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள்ள வந்துரும். குளிரணும்னு கழட்டினது, குளிர வேண்டிய நேரத்துல கால் வாரும்.

இங்க கடற்கரைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துரலாம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வள்ளத்துல மாட்டுற அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டரே கிடையாது. கடல் தண்ணியை உறிஞ்சி, எஞ்சினைச் சுத்தி ஓடவிட்டு, வெளிய துப்பும். பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை வழியா மெல்லிசா தண்ணி பீச்சிட்டே இருக்கும். அது நின்னா எஞ்சினை உடனே நிறுத்தணும்னு மீன்பிடிக்கப் போற எல்லாருக்கும் தெரியும். சுத்தி கடலே இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் குளிரவைக்கலாம். ஆனா அங்கயும் தெர்மோஸ்டாட் உண்டு. கடல் தண்ணிங்கிறதால 50, 60 டிகிரி பக்கம் வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல போனா உப்பு உள்ள படிஞ்சு குழாயை அடைச்சிரும். கடலையே குளிர்பானமா வெச்சிருக்கிற எஞ்சினுக்கே ஒரு கீழ் எல்லை தேவைப்படுது பாருங்க.

இப்போ மார்த்தாண்டத்துக்கு வருவோம். 2018-ல மேம்பாலம் வந்த பிறகு டவுனைத் தாண்டுறது லேசாச்சு. ஆனா தக்கலையில இருந்து களியக்காவிளை, அதைத் தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு அந்த ரோட்டுல நின்னு போற இடங்களுக்குப் பஞ்சமில்லை. வண்டி ஓடும்போது ரேடியேட்டருக்குக் காத்து இலவசம். நின்னா, எலெக்ட்ரிக் ஃபேன் ஒண்ணுதான் கதி. பழைய அம்பாசடர்ல ஃபேன் பெல்ட் வழியா எஞ்சினோட சேர்ந்து சுத்தும். ஐடிலிங்ல எஞ்சின் மெதுவானா ஃபேனும் மெதுவாகும். காத்து தேவைப்படுற நேரத்துல காத்து குறையும். பானெட்டைத் திறந்து போட்டு ரோட்டோரம் ஆவி பறக்க நின்ன அந்தக் காலத்து வண்டிகளை அப்பா அம்மாகிட்ட கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. எலெக்ட்ரிக் ஃபேன் வந்ததுல அந்தச் சிக்கல் தீர்ந்துச்சு, ஃபேன் ஓடுற வரைக்கும்.

இன்னொண்ணு, ரேடியேட்டருக்கு முன்னாடி ஏ.சி.யோட கண்டென்சர் நிக்குது. உங்க கேபினுக்குள்ள இருந்து எடுத்த சூட்டை அது முதல்ல காத்துல கொட்டும். ஏற்கெனவே சூடான அந்தக் காத்துதான் ரேடியேட்டருக்கு வந்து சேரும். கடற்கரை ஊர்க்காரங்க இன்னும் கவனிக்கணும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற சந்துல தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் அடையும். உப்புக் காத்துல அலுமினிய இதழ்கள் அரிச்சு, விரலால தொட்டா மாவு மாதிரி உதிரும். முன்னால இருந்து பார்த்தா கண்டென்சர் மறைக்கிறதால ஒண்ணும் தெரியாது.

அதனால டாக்டர் மாதிரி ஒரு கேள்வி கேட்கணும்: எப்போ ஏறுது? நிக்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினா பெரும்பாலும் காத்துச் சிக்கல். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார், இதழ் அடைப்பு. நல்ல ரோட்டுல வேகமா போகும்போதோ ஏத்தத்துலயோ ஏறினா ஓட்டச் சிக்கல். உள்ள அடைச்ச ரேடியேட்டர், தேய்ஞ்ச வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு, திறக்காம மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட். டீசல் எஞ்சின் சும்மா நிக்கும்போது ரொம்பச் சூடு உண்டாக்காது. அப்படியிருந்தும் மார்த்தாண்டத்துல முள் ஏறியிருக்குன்னா, நான் முதல்ல கை வைக்கிறது ஃபேன்லதான். தெர்மோஸ்டாட் என் பட்டியல்ல ரொம்பக் கீழ.

நம்ம மாவட்டத்துல காத்தைப் பத்திப் பேசிட்டு ஆரல்வாய்மொழியை விட்டா எப்படி? ஜூன், ஜூலையில தென்மேற்குக் காத்து அந்தக் கணவாய் வழியா கிழக்கே பாயும். முப்பந்தல் காற்றாலைகள் நிக்கிறதே அதை நம்பித்தான். காத்து மணிக்கு 40 கி.மீ.ன்னு வெச்சுக்குவோம். நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு பக்கம் 80-ல போறீங்க, காத்து முதுகுல தள்ளுது. உங்க ரேடியேட்டர் உணர்றது வெறும் 40. திரும்பி வரும்போது எதிர்க்காத்து. ரேடியேட்டருக்கு 120 கி.மீ. வேகக் காத்து கிடைக்கும். ஆகா, நல்லா குளிரும்னு தோணும். ஆனா காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல கூடும். காத்தில்லாத நாளைவிட 2.25 மடங்கு எதிர்ப்பைத் தள்ளிட்டு வரணும், அதுக்கு எஞ்சின் கூடுதலா எரிக்கணும். வருஷம் பூரா ஒரே ரோட்டுல ஓட்டுறவங்க "போறப்ப ஒரு மைலேஜ், வர்றப்ப ஒரு மைலேஜ்"னு சொல்றது மனப்பிரமை இல்ல.

அடுத்தது கூலன்ட். எங்க ஊர்ல தண்ணிக்கு "வெள்ளம்"னுதான் பேச்சு. "ரேடியேட்டர்ல வெள்ளம் ஊத்து"ன்னா சென்னைக்காரங்க பதற வேண்டாம். சூட்டைச் சுமக்கிறதுல சுத்தமான தண்ணியை அடிச்சுக்க ஆளில்லை. எத்திலீன் கிளைகால் கலந்த கூலன்ட் அந்த விஷயத்துல ஒரு படி குறைவுதான். அப்புறம் எதுக்கு காசு கொடுத்து வாங்கணும்? இங்கதான் உறைபனியே கிடையாதே? காரணம் ரெண்டு. பாதிக்குப் பாதி கலவை சாதாரணமா 107 டிகிரி பக்கம்தான் கொதிக்கும். அதுல இருக்கிற அரிப்புத் தடுப்பு மருந்து அலுமினியத்தையும் இரும்பையும் காப்பாத்தும். கடற்கரைப் பக்கத்து போர்வெல் தண்ணியில உப்பு இருக்கு. அது உள்ளுக்குள்ள அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு மாதிரி படிவு கட்டும். அவசரத்துக்கு ரோட்டோரக் கடையில வாங்கின பாட்டில் தண்ணி ஊத்தலாம், தப்பில்லை. அதையே பழக்கமாக்கினா ரேடியேட்டர் உள்ள இருந்து சாகும். நிரந்தரமா ஊத்துறது டிஸ்டில்டு வாட்டரும், வண்டிக்கான புத்தகத்துல சொன்ன கூலன்டும்தான். ஒரு எச்சரிக்கை: எத்திலீன் கிளைகால் இனிப்பா இருக்கும், கொடிய விஷம். தரையில சிந்தினா நாய், பூனை நக்கும். உடனே கழுவி விடுங்க.

இப்போ கொஞ்சம் பயமுறுத்தப் போறேன், வேணும்னே. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல. ஸ்பிரிங் வெச்ச பிரஷர் வால்வு. உங்க வீட்டு குக்கர் விசில் மாதிரி. சுமாரா 1 பார் அழுத்தத்தை உள்ள பிடிச்சு வெச்சிருக்கும். அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சரி, உள்ள 115 டிகிரி இருக்கு, அமைதியா இருக்கு. இப்போ ஒருத்தர் துணியைச் சுத்திக்கிட்டு மூடியைத் திருகுறார். அழுத்தம் போச்சு. 115 டிகிரித் தண்ணிக்கு இனி திரவமா இருக்க உரிமையில்லை. உள்ள 5 லிட்டர் இருந்தா, அதுல 100 மில்லிக்கு மேல அந்த நொடியே ஆவியாகும். கேட்கக் கொஞ்சமாத் தெரியும். ஆனா நீராவி, தண்ணியா இருந்தப்போ பிடிச்ச இடத்தைவிட 1600 மடங்குக்கு மேல இடம் கேட்கும். 200 லிட்டருக்கு மேல ஆவி, கொதிதண்ணியையும் தள்ளிக்கிட்டு, குனிஞ்சு பார்க்கிற முகத்துக்கு நேரா. துணி என்ன பண்ணும்?

அப்போ ரோட்டுல முள் ஏறினா? பாதிக்கு மேல ஏறத் தொடங்கின உடனே ஏ.சி.யை நிறுத்துங்க. ஹீட்டரை முழுச் சூட்டுல, முழு வேகத்துல போடுங்க. ஆமா, ஏப்ரல்ல, மார்த்தாண்டத்துல. ஹீட்டருக்குள்ள இருக்கிறது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டை உங்க மேல கொட்டும். பயணிகள் திட்டுவாங்க, கண்ணாடியை இறக்கச் சொல்லுங்க. ஓரம் கட்டுங்க. முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை நிறுத்திடுங்க. முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீங்க. சூடான எஞ்சின் மேல பச்சைத் தண்ணியை ஊத்தாதீங்க, வார்ப்பு விரிசல் விடும். "இன்னும் 10 கி.மீ.தானே"ன்னு ஓட்டுறதுதான் எஞ்சினைக் கொல்லும். அலுமினிய ஹெட், இரும்பு பிளாக்கைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ஒரே ஒருக்கா அளவு மீறினா ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலோட கலக்கும். அந்தச் செலவுக்கு முன்னால தவறவிட்ட ஒரு ஃப்ளைட் டிக்கெட் சின்னக் காசு.

முள்ளைப் பத்தியும் ஒரு வார்த்தை. அது உண்மையை அப்படியே சொல்றதில்லை. நிறைய கார்கள்ல 75-ல இருந்து 105 டிகிரி பக்கம் வரைக்கும் எது இருந்தாலும் நடுவுலயே நிக்கிற மாதிரி வெச்சிருப்பாங்க. முள் ஆடினா வாடிக்கையாளர் பதறுவாராம். அதனால அது நடுவை விட்டு அசைஞ்சாலே விஷயம் முத்திடுச்சுன்னு அர்த்தம். சில புதுக் கார்கள்ல முள்ளே கிடையாது, குளிர்னா நீல விளக்கு, ஆபத்துன்னா சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். டாக்சி ஓட்டுறவங்க ஒரு ஓ.பி.டி. ப்ளூடூத் கருவி வாங்கி மாட்டுங்க. நிஜமான டிகிரி எண் போன்லயே தெரியும். ஃபேன் எத்தனை டிகிரியில ஓடத் தொடங்குது, தொடங்கினதும் இறங்குதா இல்லையான்னு வீட்டு வாசல்லயே சோதிச்சுப் பார்க்கலாம்.

நாகர்கோவில் தோழிக்கு: அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க. முதல்ல அந்த வண்டிக்கான சரியான தெர்மோஸ்டாட்டை, அதே டிகிரி எண் போட்டது, புதுசா வாங்கி மாட்டணும். பழையதைத் தேட வேண்டாம். வண்டியை நிறுத்தி வெச்சு ஏ.சி. போட்டா ஃபேன் ஓடுதா, ஏ.சி. இல்லாம சூடு ஏறும்போதும் ஓடுதா, ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பார்க்கச் சொல்லணும். மூடியோட ரப்பரைப் பார்க்கணும். அது போயிருந்தா அழுத்தமே நிக்காது. இத்தனையும் சரியா இருந்தும் ஏறினா மட்டும் ரேடியேட்டரைக் கழட்டிக் கொடுக்கலாம். கேஸ்கெட் ஏற்கெனவே அடிபட்டிருக்கான்னு, கூலன்ட்ல எரிவாயு கலந்திருக்கிறதைக் காட்டுற ரசாயனச் சோதனை இருக்கு, அதையும் கேளுங்க. ஏப்ரல்ல சிவப்பு வரைக்கும் போச்சா, இல்ல பாதிக்கு மேல ஏறினதோட நின்னுச்சாங்கிறதைப் பொறுத்துத்தான் இந்தக் கடைசிச் சோதனை அவசரமா இல்லையான்னு சொல்ல முடியும். அப்பாவுக்கு ஞாபகம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடு தொடக்கத்துல அதைப் பேசுறேன்.